நாட்காட்டியின் சாவியை உதவியாளரிடம் எவ்வளவு கொடுப்பது?

பார்க்க, திருத்த, பகிர, நிரந்தரமாக நீக்க. கூகுள் நாட்காட்டியோடு வெளிச் செயலி ஒன்றை இணைக்கப் போனால், முழு அனுமதி கேட்கும் திரையில் இந்த நான்கு வினைகளும் ஒரே வரியில் வந்து நிற்கும். நாம் போனது என்னவோ செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றிடம் "இந்த வாரம் எனக்கு எப்போது நேரம் இருக்கிறது?" என்று கேட்கத்தான். அதற்கு முதல் வினை போதும். ஆனால் அவசரத்தில் நான்குக்கும் சேர்த்துத் தலையாட்டிவிடுகிறோம்.

நானும் தலையாட்டியவன்தான். வாராந்தரக் கூட்டம் ஒன்றை ஒரே ஒரு வியாழக்கிழமை நிறுத்த வேண்டியிருந்தது. "வியாழக்கிழமைக் கூட்டத்தை ரத்து செய்துவிடு" என்று உதவியாளரிடம் எழுதினேன். "செய்துவிட்டேன்" என்று பணிவான பதில் வந்தது. பத்து நிமிடத்தில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "இனிமேல் கூட்டமே கிடையாதா?" என்று கேட்டார். தொடர் முழுவதும் போயிருந்தது. ஒன்பது பேருக்கு ரத்து மின்னஞ்சலும் போயிருந்தது. நீக்கிய நிகழ்வைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். போன மின்னஞ்சலை என்ன செய்வது? அந்த உதவியாளரின் பெயர் இங்கே தேவையில்லை. பழி முழுவதும் அதன் மேலும் இல்லை. நான் எழுதிய வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதரிடம் சொல்லியிருந்தால் "இந்த வாரம் மட்டும்தானே?" என்று கேட்டிருப்பார்.

அன்றிலிருந்து இணைப்பு வழிகளை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: நான் சொன்னதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் இந்த வழியில் அது அதிகபட்சம் எதைக் கெடுக்க முடியும்? எந்த உதவியாளர் புத்திசாலி என்ற கேள்வி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும். இந்தக் கேள்வி மாறாது.

முதலில், பலரும் கணக்கிலேயே எடுக்காத ஒரு வழி: இணைக்காமலே இருப்பது. வாரத்தின் படத்தைத் திரையில் பிடித்து உதவியாளரிடம் கொடுத்து, "இதில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கலாம். நிகழ்வுகளைச் சேர்க்க வேண்டுமானால், நாட்காட்டிகள் படிக்கும் வடிவமான ஐசிஎஸ் கோப்பு ஒன்றை எழுதித் தரச் சொல்லி, அதை நாமே நாட்காட்டியில் இறக்குமதி செய்துகொள்ளலாம். மாநாட்டு அட்டவணையோ பாடத்திட்டமோ இருபது முப்பது வரிகளாகக் கையில் இருந்தால் இதைவிட வசதியான வழி இல்லை. கூகுளில் இந்த இறக்குமதியைக் கணினி உலாவியில்தான் செய்ய முடியும், கைபேசிச் செயலியில் முடியாது என்பது ஒரு சங்கடம். கோப்பில் விருந்தினர் பட்டியல் இருந்தாலும் அது உள்ளே வராது. குறைபோலத் தெரியும் இதுவே பாதுகாப்பும்கூட: தப்பு நேர்ந்தால் உங்கள் நாட்காட்டியோடு முடியும், ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் போகாது.

இந்தக் கோப்பில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, முழுநாள் நிகழ்வு. 10-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை விடுப்பு என்றால் கோப்பில் முடிவுத் தேதி 13 என்று இருக்க வேண்டும். இந்தக் கோப்புகளுக்கான ஐகேலண்டர் தரத்தில் முடிவுத் தேதி அந்த நிகழ்வில் சேராது. உதவியாளர் 12 என்று எழுதிவிட்டால் விடுப்பு 11-ஆம் தேதியோடு முடிந்துவிடும். 12-ஆம் தேதி காலையில் யாரோ ஒருவர் கூட்டம் போட்டிருப்பார். நிரல்கள் நாட்காட்டியோடு பேசும் ஏபிஐ வழியாக எழுதினாலும் இதே விதிதான்.

இன்னொன்று தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற அந்தத் தரம், ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் நீளக் கூடாது, நீண்டால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்கிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'கோ' என்று எழுதினால் மெய்க்கும் கொம்புக்குமாக ஆறு பைட் ஆகிவிடும். ஆக, "காலாண்டுக் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம்" என்ற தலைப்பே ஒரு வரிக்குள் அடங்காது. மடிப்பு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து, திறக்கும் மென்பொருளும் அதைக் கவனமாக ஒட்டத் தெரியாததாக இருந்தால், தலைப்பின் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் ஒன்று வந்து உட்காரும். தலைப்பைச் சுருக்கமாக வைத்து, விவரத்தை உள்ளே எழுதச் சொல்வது எளிய மருந்து.

அடுத்தது ரகசிய முகவரி. கூகுள் நாட்காட்டியின் அமைப்புகளில் ஐகேல் வடிவ ரகசிய முகவரி என்று ஓர் இணைய இணைப்பு இருக்கும். அதை வைத்திருக்கிறவர் நாட்காட்டியைப் படிக்கலாம். ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. கேட்பதற்கு இதுதானே வேண்டும் என்று தோன்றும். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை குறைவு. முகவரி என்பது கடவுச்சொல் கேட்காத கதவு. ஓர் உரையாடலில் ஒட்டிவிட்டால் அது அந்த உரையாடலின் வரலாற்றில் கிடக்கும், பகிர்ந்தால் கூடவே போகும். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் முகவரியை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், கசிந்தது தெரிந்தால்தானே மாற்றுவது? தலைப்பு, இடம், குறிப்பு எல்லாமே அதில் போகும். இன்ன வாரத்தை மட்டும் காட்டு என்று சொல்ல வழி கிடையாது. பல உதவியாளர்கள் அந்த முகவரியைத் தாமாகத் திறந்து படிப்பதும் இல்லை. திறக்கிற மென்பொருளும் சில மணி நேரம் பழைய நகலையே வைத்துக்கொண்டிருக்கலாம். காலையில் தள்ளிப்போன கூட்டத்தை மதியம் வரை பழைய நேரத்திலேயே காட்டும் நாட்காட்டியால் யாருக்கு என்ன பயன்?

வீட்டோடு வருகிற உதவியாளர் மூன்றாவது வழி. கூகுள் நாட்காட்டி வைத்திருப்பவருக்கு ஜெமினி, அவுட்லுக் வைத்திருப்பவருக்குக் கோபைலட், ஐபோன்காரருக்குச் சிரி. உங்கள் தரவு ஏற்கெனவே அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. புதிதாக யாருக்கும் சாவி போவதில்லை. எல்லாம் ஒரே வீட்டுக்குள் என்பவர்கள் வேறெதையும் தேடி அலைய வேண்டியதில்லை, இதை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையையும் மூடிவிடலாம். சிக்கல், அலுவலகம் அவுட்லுக்கிலும் குடும்பம் கூகுளிலும் இருக்கும்போதுதான். பாதி நாளை மட்டும் பார்த்துவிட்டு "நீங்கள் மூன்று மணிக்குச் சும்மா இருக்கிறீர்கள்" என்று உறுதியாகச் சொல்லும். பாதி தெரிந்த உதவியாளர், ஒன்றுமே தெரியாதவரைவிட ஆபத்தானவர்.

சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றில் உள்ள இணைப்பிகள் நான்காவது. இரண்டிலுமே கூகுள் நாட்காட்டியை இணைக்கும் வசதி 2025-இல் வந்தது. இதன் பின்னணியில் எம்சிபி என்ற பெயர் அடிக்கடி அடிபடும். கிளாடை உருவாக்கிய ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை அது; அடுத்த ஆண்டே சாட்ஜிபிடியின் ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றுக்கொண்டது. நாட்காட்டியில் என்னென்ன செய்யலாம் என்பதைத் தனித்தனிக் கருவிகளாக உதவியாளரிடம் அடுக்கிக் காட்டுவது அதன் வேலை: நிகழ்வுகளைப் பட்டியலிடு, புதிதாகச் சேர், மாற்று, நீக்கு. இந்த வழியின் உண்மையான சிறப்பு அங்கேதான் இருக்கிறது. சாவியை மொத்தமாகக் கொடுத்த பிறகும், கருவிகளைத் தனித்தனியாக அணைத்துவைக்க முடிகிற செயலிகள் உண்டு. இணைத்த அன்றே 'நீக்கு' கருவியை அணைத்துவிடுங்கள். 'மாற்று' கருவியை ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுச் செய் என்ற நிலையில் வையுங்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி சலித்துப்போய் "எப்போதும் அனுமதி" என்ற பொத்தானை விரல் தேடும். தேடட்டும்.

அந்தக் கருவிகளைத் தரும் நிரலான எம்சிபி சேவையகத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டவும் முடியும். அனுமதிச் சீட்டுபோன்ற டோக்கன் உங்கள் வன்தட்டில் இருக்கும். ஆனால் அந்தச் சேவையகத்தை எழுதியது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. யாரோ முகம் தெரியாதவர் எழுதிப் பொதுவில் வைத்த நிரலை, நாட்காட்டியின் முழு அனுமதியோடு ஓட்டுகிறோம். நிறுவனம் தானே தரும் இணைப்பி இருக்கும்போது அதை விட்டு இதற்குப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஐகிளவுட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆப்பிளின் நாட்காட்டியை வெளிச் செயலியோடு இணைக்கும் வழக்கமான வழி, நாட்காட்டிகளைப் பரிமாறும் கால்டாவ் நெறிமுறையும் செயலிக்கென்று உருவாக்கும் தனிக் கடவுச்சொல்லும்தான். அந்தக் கடவுச்சொல்லில் 'படிக்க மட்டும்' என்ற பிரிவே இல்லை. நாட்காட்டிக்கு மட்டும் என்று அதைக் குறுக்கவும் முடியாது. ஐகிளவுட் மின்னஞ்சலையும் தொடர்புகளையும் அதே கடவுச்சொல் திறக்கும். கூகுளும் மைக்ரோசாஃப்டும் குறைந்தபட்சம் படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என்று அனுமதியைப் பிரித்து வைத்திருக்கின்றன.

ஒரு செயலியை இன்னொன்றோடு கோக்கும் ஜேப்பியர், என்8என் வகை இடைச்சேவைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். "முன்பதிவு உறுதி மின்னஞ்சல் வந்தால், அதிலிருந்து தேதியை எடுத்து நாட்காட்டியில் சேர்" என்பதுபோல ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்க வேண்டுமானால் அவைதான் சரி. பேசித் திட்டமிட அவை பொருந்தா. சாவி இன்னொரு நிறுவனத்திடமும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். என்8என்-ஐ மட்டும் சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம்.

கடைசியாக, இணைக்கும் நிரலை நாமே எழுதுவது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இது மிகவும் கவர்ச்சியான வழி. கைவிடப்படுவதும் இதுதான் என்று சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு மாலையில் எழுதி முடித்தேன், அருமையாக ஓடியது. ஏழு நாள் கழித்து நின்றுவிட்டது. மறுபடி அனுமதி கொடுத்தேன், மறுபடி ஏழு நாள். கூகுளில் வெளிப் பயனர்களுக்கான செயலி 'சோதனை' நிலையில் இருக்கும்வரை, அனுமதியை நீட்டித்துக்கொள்ள அதற்குக் கிடைக்கும் புதுப்பிப்பு டோக்கன் ஏழு நாளில் காலாவதியாகிவிடும் என்பதை ஆவணத்தில் படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இருந்தாலும் இதுவரை சொன்ன வழிகளில் கிடைக்காத இரண்டு விஷயங்கள் இங்கே உண்டு. ஒன்று, நேரம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் கேட்கும் வசதி. கூகுளின் ஏபிஐ அந்தக் கேள்விக்குத் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று வெறும் இடைவெளிகளைத் திருப்பித் தரும். தலைப்பு இல்லை, இடம் இல்லை, யாரோடு என்பதும் இல்லை. மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்களா, வேலை மாற நேர்காணலுக்குப் போகிறீர்களா என்பது உதவியாளருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இன்னொன்று, சேவைக் கணக்கு. அது நிரலுக்கென்று கூகுள் தரும் தனி மின்னஞ்சல் முகவரி. எந்த நாட்காட்டியை அதனோடு பகிர்கிறீர்களோ அதை மட்டும், எந்த அளவுக்குப் பகிர்கிறீர்களோ அந்த அளவுக்கு மட்டும் அது தொடும். நிறுவன நிர்வாகி தனி அதிகாரம் தராதவரை, சேவைக் கணக்கால் விருந்தினரை அழைக்க முடியாது. பலர் இதைக் குறை என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஒன்பது பேருக்கு மின்னஞ்சல் போனவனுக்கு அது வரம்.

இவ்வளவும் உதவியாளர் நம்மைத் தப்பாகப் புரிந்துகொள்வது பற்றி. அது வேறொருவர் சொல்வதைக் கேட்டு நடந்தால்? நாட்காட்டியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஓர் அழைப்பு அனுப்பினால் போதும், அதன் தலைப்பும் குறிப்பும் நம் நாட்காட்டிக்குள் வந்துவிடும். 2025 ஆகஸ்டில் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். அழைப்பு ஒன்றுக்குள் கட்டளைகளை மறைத்து அனுப்பினார்கள். பயனர் தன் வார நிகழ்வுகளைச் சுருக்கமாகச் சொல்லும்படி ஜெமினியிடம் கேட்டார். பிறகு வீட்டு விளக்குகள் அணைந்தன, சன்னல் மறைப்புகள் திறந்தன. விவரம் முன்பே கூகுளுக்குத் தெரிவிக்கப்பட்டு, அதற்கான தடுப்புகளும் சேர்க்கப்பட்டன. ஆனால் ஒரு தனி ஓட்டையை அடைத்தால் தீர்கிற சிக்கல் இல்லை இது. உதவியாளரை இயக்கும் மொழி மாதிரிக்கு உரிமையாளரின் வாக்கியமும் விருந்தாளியின் வாக்கியமும் ஒரே காகிதத்தில்தான் வருகின்றன. எந்த உதவியாளரை இணைத்தாலும் இந்தச் சங்கடம் கூடவே வரும்.

ஆகவே இணைக்கும் முன், நாட்காட்டியின் அமைப்புகளில் அழைப்புகள் தாமாகச் சேரும் இடத்தைப் பாருங்கள். கூகுளில் மூன்று தேர்வுகள்: எல்லாருடைய அழைப்பும், தெரிந்தவர்களின் அழைப்பு மட்டும், அல்லது மின்னஞ்சலில் நான் பதில் சொன்ன பிறகு. உதவியாளரை இணைப்பவர்களுக்கு முதல் தேர்வு உகந்ததில்லை. நேரம் மட்டும் தெரியும்படி பகிர்வதன் இன்னொரு நன்மையும் இங்கே புரியும்: தலைப்பே போகாத இடத்துக்குக் கட்டளை எங்கிருந்து போகும்?

இப்போது என் ஏற்பாடு. அனுமதித் திரையோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டேன். உதவியாளருக்கென்றே ஒரு தனி கூகுள் கணக்கு தொடங்கினேன். என் முதன்மை நாட்காட்டியையும் குடும்ப நாட்காட்டியையும் அந்தக் கணக்கோடு, நேரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்படி பகிர்ந்தேன். 'முன்மொழிவு' என்று புதிய நாட்காட்டி ஒன்றை உருவாக்கி, அதில் மட்டும் திருத்தும் உரிமை கொடுத்தேன். பிறகு உதவியாளரின் இணைப்பியை அந்தத் தனிக் கணக்கில் இணைத்தேன். அனுமதித் திரை அதே நான்கு வினைகளைத்தான் கேட்டது. தாராளமாகக் கொடுத்தேன். அந்தக் கணக்கிடம் இருப்பதே அவ்வளவுதான். இல்லாததை அது யாருக்கும் தர முடியாது.

அன்றாடத்தில் இது இப்படி நடக்கும். "அடுத்த வாரம் அறிக்கை எழுத மூன்று தடவை ஒன்றரை மணி நேரம் ஒதுக்கு" என்கிறேன். முன்மொழிவு நாட்காட்டியில் மூன்று ஆரஞ்சுக் கட்டங்கள் வருகின்றன. பிடித்ததைத் திறந்து, நாட்காட்டிப் பெயரை முதன்மைக்கு மாற்றிச் சேமிக்கிறேன், நிறம் நீலமாகிவிடும். பிடிக்காததை அழிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி. நஷ்டங்களும் உண்டு. "சென்ற மாதம் பல் மருத்துவரிடம் எப்போது போனேன்?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. பிறருக்கு அழைப்பை நானேதான் அனுப்ப வேண்டும். அலுவலகக் கணக்குகளில் வெளியாருக்குப் பகிர்வதை நிர்வாகி தடுத்திருந்தால் இந்த வழியே நடக்காது. அங்கே நிறுவனம் அனுமதித்த உதவியாளர்தான் கதி, அதுவே முறையும்கூட.

எதைத் தேர்ந்தாலும், இணைத்த முதல் நாள் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். உனக்கு எந்தெந்த நாட்காட்டிகள் தெரிகின்றன என்று முதலில் கேளுங்கள். முதன்மையை மட்டும் பார்த்துவிட்டு மற்றவை இல்லை என்று நினைத்துக்கொள்ளும் இணைப்பிகள் இருக்கின்றன. அடுத்து, வேறொரு நேர மண்டலத்தில் இறங்கும் விமானம் ஒன்றைப் பதியச் சொல்லி, இறங்கும் நேரம் அந்த ஊர் நேரப்படி வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, யாரையும் அழைக்காத ஒரு பொய்த் தொடர் நிகழ்வை உருவாக்கி, அதில் ஒரே ஒரு நாளை ரத்து செய்யச் சொல்லுங்கள்.

சொல்லும்போது தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டு "அடுத்த வெள்ளி" என்றால் அது மூன்று நாளில் வருவதா, பத்து நாளில் வருவதா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. என் உதவியாளர் இதுவரை மூன்று முறை ஒரு கட்சியிலும் இரண்டு முறை மறு கட்சியிலும் இருந்திருக்கிறது.